சுவரில் முடியும் படிக்கட்டு

இரண்டாவது வளைவில் பெரியவர் சிக்கிக்கொண்டார்.

ஸ்ட்ரெச்சரின் தலைமாடு மேலே, கால்மாடு கீழே, நடுவில் சுருள் படிக்கட்டின் இரும்புத் தூண். மேலே பிடித்திருந்த மகன், "கொஞ்சம் சாய்ங்க... இன்னும் கொஞ்சம்" என்றான். கீழே பிடித்திருந்த வண்டிக்காரர், "இதுக்கு மேல சாய்ச்சா ஆளு நழுவிருவாருங்க" என்றார். தெருவில் நின்றவர்கள் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருத்தராவது வந்து கை கொடுக்க வேண்டுமே, அது இல்லை.

சின்னவள் கீழ் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். பார்த்தவர்கள் அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் அடக்கிக்கொண்டிருந்தது சிரிப்பை.

சின்னவள் என்றதும் சின்ன வயசு என்று நினைத்துவிட வேண்டாம். தலை முழுக்க நரைத்தாயிற்று. அந்த வீட்டுக்கு இரண்டாவது மருமகளாக வந்ததால் சின்னவள். அதற்கப்புறம் மூன்றாவதாக யாரும் வராததால் கடைசிவரைக்கும் சின்னவள்தான். விடியற்காலையில் மேல் வீட்டில் கண்ணை மூடியவர் அவள் கணவரின் அண்ணன்.

"இது ஆவுற காரியமில்ல. மேலயே கொண்டு போயிருங்க" என்றார் வண்டிக்காரர்.

பெரியவர் மறுபடியும் மேலே போனார். சின்னவளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்தச் சுருள் படிக்கட்டு வந்த புதிதில் மேல் வீட்டுக்கு ஒரு பீரோ வாங்கினார்கள். அது இந்த வளைவில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் பால்கனியிலிருந்து கயிறு கட்டி இழுத்தார்கள். அதை எல்லாரும் மறந்துபோனார்கள். அவள் மறக்கவில்லை.

வீட்டின் கதையைச் சொல்லாமல் இது விளங்காது. மாமனார் செங்கல் சூளையில் மேஸ்திரியாக இருந்தவர். வளைந்தது, நெளிந்தது, கருகியது என்று சூளையில் ஒதுக்கிய கல்லையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துக் கட்டிய வீடு அது. நீளம் உண்டு, அகலம் கிடையாது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. முன்னறைக்குத் தெருவிலிருந்து வெளிச்சம் வரும், சமையலறைக்குக் கொல்லையிலிருந்து வரும். நடுக்கூடத்துக்கு எங்கிருந்து வரும்? அதற்காக அவர் கூடத்திலிருந்து நேராக மேலே ஏறும்படி நல்ல அகலமான படிக்கட்டு ஒன்றைப் போட்டார். படி போய் முடிகிற இடத்தில், மேல்தளத்துக் கூரையில், கண்ணாடி ஓடுகளைப் பதித்தார். வெளிச்சம் ஓட்டில் விழுந்து, படியில் இறங்கி, கூடத்துக்கு வந்து உட்காரும். காலையில் வந்தால் சாயங்காலம்தான் கிளம்பும். வீட்டுக்கு வருகிற ஆட்களில் பேச்சுக் கொடுக்காமல் வேலை பார்க்க விடுவது இது ஒன்றுதான் என்று சின்னவளின் கணவர் சொல்வார்.

அவர் பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் கூடத்தில் மேஜை போட்டு, பொடியும் திரவமும் குழைத்து, ஈறு வார்த்து, ஒவ்வொரு பல்லாகப் பொருத்தி அனுப்புவார். பல்லென்றால் வெள்ளை என்பதெல்லாம் விளம்பரத்தில். காபி குடிக்கிறவர் பல் ஒரு மஞ்சள், சிகரெட் பிடிக்கிறவர் பல் வேறொரு மஞ்சள், வயதானவர் பல்லுக்கு ஓரத்தில் ஒரு சாம்பல். அதையெல்லாம் பகல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் சேர்க்க முடியும். டியூப்லைட்டுக்கு எல்லாப் பல்லும் ஒன்றுதான்.

வெளிச்சம் இறங்கிய அதே வழியில் திரவத்தின் நெடி மேலே ஏறியது. மேலே பெரியவர் குடும்பம். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர் அவர். 'சொன்னா சொன்னதுதான்' என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகவே பாதி விஷயங்களைச் சொன்னவர். "மேஜையத் தூக்கி வேற எங்கயாவது போடு. பிள்ளைங்களுக்குத் தலை வலிக்குது" என்றார். "வெளிச்சம் இங்கதானேண்ணே வருது" என்றார் தம்பி. "அப்ப நான் அடைச்சிடுவேன்" என்றார் பெரியவர். சொல்லிவிட்டாரே, அப்புறம் விடுவாரா?

மறுவாரம் கொத்தனார் வந்தார். படி முடிகிற இடத்தில் ஒற்றைக்கல் சுவர் எழும்பியது. மேல் வீட்டுக்காரர்கள் ஏறி இறங்கத் தெருப்பக்கம் இரும்பில் சுருள் படி வந்தது. சுவரின் மேல்பக்கத்துக்குப் பூச்சு பூசி, வர்ணம் அடித்து, காலண்டர் மாட்டினார்கள். கீழ்ப்பக்கத்தை அப்படியே விட்டார்கள். கல்லுக்கு நடுவில் பிதுங்கிய சிமெண்டு பிதுங்கினபடியே காய்ந்து கிடந்தது.

கூடம் இருண்டது. கலர் ஒத்துவரவில்லை என்று செட்டுகள் திரும்பி வந்தன. பிறகு அச்சு வருவதே நின்றது. மேஜையைக் கொல்லைக்கும் முன்னறைக்கும் மாற்றிப் பார்த்தார்கள்; ஒரு இடத்தில் வெயில் கண்ணைக் குத்தியது, இன்னொரு இடத்தில் தெருப்புழுதி ஈறில் ஒட்டியது. மேஜையை விற்றார்கள். வேலையில்லாத மனிதர் இருட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒரு மழைக்காலத்தில் இருமிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். டாக்டர் நுரையீரல் என்றார். சுவர் என்பது சின்னவளின் கட்சி.

அன்றைக்குப் பெரியவர் சுருள் படியின் பாதியில் நின்றுகொண்டார். அதற்குக் கீழே வரவில்லை. யாரோ போய்க் கூப்பிட்டார்கள். "தம்பி முகத்த ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்களேன்."

அவர் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். இன்னைக்கு மட்டுமில்ல, என்னைக்கும். நாளைக்கு என் பொணம்கூட அந்த வாசல் வழியாப் போகாது."

சொன்ன வாயில் இருந்த பல், சுவர் எழும்புவதற்கு முன்னால் தம்பி செய்து கொடுத்தது.

சின்னவளுக்கு அந்த நிமிஷத்தில் பீரோ ஞாபகம் வந்தது. கணவரின் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவள், அழுகையை நிறுத்தாமலேயே அந்தச் சுருளையும் பெரியவரின் உயரத்தையும் மனசால் அளந்து பார்த்தாள். போவீங்க மாமா. இந்த வழியாத்தான் போவீங்க.

மறுநாளிலிருந்து, சுவரில் முடிகிற அந்தப் படிக்கட்டைத் தினமும் பெருக்கித் துடைத்தாள். வேறு யாராக இருந்தாலும் பழைய பேப்பரையும் காலி டப்பாவையும் அடுக்கியிருப்பார்கள். "யாரு ஏறப்போறாங்கன்னு இதப் போய்த் தொடைக்கிறே?" என்று கேட்டவர்கள் உண்டு. "ஏறுறதுக்கு இல்ல" என்பாள். அதற்கு மேல் சொல்ல மாட்டாள்.

காலம் கனிந்து வந்திருக்கும் இந்த வேளையில், வெல்டர் ஒருவர் வந்து காரியத்தைக் கெடுக்கப் பார்த்தார். எதிர்ச்சாரியில் பட்டறை வைத்திருப்பவர்.

"பால்கனி கம்பிய அறுத்துடலாம். கயித்துல கட்டி மெதுவா எறக்கிடலாம்" என்றார். பீரோ ஏறிய பிறகு திருடன் பயத்தில் பால்கனியைச் சுற்றி இரும்புக் கம்பி அடித்ததும் இதே வெல்டர்தான். "என்ன, கரண்டு லைனு பக்கத்துல போவுது. அத மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்க."

மகன் மின்சார ஆபீசுக்குப் போன் பண்ணினான். "ஆளு அனுப்புறேன்னு சொல்லிட்டாங்க" என்றான்.

சின்னவள் ஜன்னல் கம்பியை விட்டாள். இத்தனை வருஷம் பெருக்கியதெல்லாம் வீணாகப் போகிறதே. வாயைத் திறந்து நாமே சொல்லிவிடலாமா என்று துடித்தது. சொல்லக்கூடாது. அவள் சொன்னால் அது பழி. வேறு யாராவது சொல்லி அவள் சம்மதித்தால்தான் அதற்குப் பெயர் பெருந்தன்மை. பெரியவரைத் தன் வாசல் வழியாகப் போகவைக்க வேண்டும், அதுவும் ஊர் தன்னைப் பாராட்டிக்கொண்டே பார்க்கும்படி. அதில் துளி குறைந்தாலும் அவளுக்குப் போதாது.

வாசலுக்குப் போனாள். "தம்பி, காலையிலேர்ந்து நிக்கிறீங்க. உள்ள வந்து ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போங்க" என்று வண்டிக்காரரைக் கூப்பிட்டாள்.

அவரை முன்னறையில் உட்கார வைக்கவில்லை. கூடத்தில், படிக்கட்டுக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டாள். விளக்கையும் போட்டுவிட்டாள்.

பாதி டம்ளரில் அவர் நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் படி எங்கம்மா போவுது?"

"எங்கயும் போகல. மேல சுவரு."

"சுவருக்கு அந்தப் பக்கம்?"

"அவங்க வீடு."

வண்டிக்காரர் எழுந்துபோய்ப் படியின் அகலத்தைக் கையை விரித்துப் பார்த்தார். "அடக் கடவுளே! ராஜா மாதிரி எறக்கலாமே. இத வெச்சுக்கிட்டா அங்க முட்டி மோதிட்டு இருக்கோம்?"

"அதெல்லாம் பழைய கதைங்க. நீங்க டீயக் குடிங்க, ஆறிடப் போவுது."

அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடினார். சின்னவள் மீதியைக் கொட்டி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். முகத்தையும் கழுவிக்கொண்டாள்.

மகன் வந்து வாசற்படிக்கு வெளியே நின்றான். லாரி புக்கிங் ஆபீசில் நாள் முழுக்கச் சத்தம் போட்டே வேலை வாங்குகிறவன், இப்போது குரல் எழும்பாமல் நின்றான். சின்னப் பிள்ளையில் இந்தப் படியில் உட்கார்ந்தபடியே சறுக்கிச் சறுக்கி டிரவுசரைக் கிழித்துக்கொண்டவன்.

"சித்தி."

அந்த வார்த்தையைக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. "சொல்லுப்பா."

"அந்தச் சுவர எடுத்துட்டா அப்பாவ இப்படியே கொண்டு வந்துடலாம்னு வண்டிக்காரர் சொல்றாரு."

"அப்பாவுக்குப் பிடிக்காதேப்பா. அவர் சொன்னது ஒனக்கும் தெரியும்."

"தெரியும் சித்தி." தலையைக் குனிந்துகொண்டான். "அதுக்காக மூட்ட மாதிரி கயித்துல தொங்கவிட்டு எறக்கணுமா? தெருவே பாக்குது."

இன்னும் கொஞ்சம் கெஞ்சவிட அவளுக்கு ஆசைதான். ஆனால் மின்சார ஆபீஸ்காரர் சைக்கிளோடு வந்து நின்றுவிட்டால்? "என் பக்கத்துல ஒரு தடையும் இல்ல. இந்த வாசல் தெறந்துதான் கெடக்கு. அம்மா என்ன சொல்றாங்க?"

"அம்மா வாயே தெறக்கல. நீங்க வந்து ஒரு வார்த்த பேசுங்களேன்."

சின்னவள் முதல்முறையாக அந்தச் சுருள் படியில் ஏறினாள். இரும்பு காலடியில் அதிர்ந்தது; சுற்றிச் சுற்றிப் போனதில் தலை கிறுகிறுத்தது. மேலே முன்னறையில் பெரியவர் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். அவரைப் பார்க்காமல் தாண்டி நடந்தாள். உள்ளே, சுவருக்கு எதிரே ஒரு நாற்காலியில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். பெரியவரின் மனைவி. அவளை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. பால்கனிக் கம்பிக்குப் பின்னால் தலை மட்டும் தெரியும். கீழே இறங்கி ஒரு மனிதரோடு பேசாத கொழுப்பு என்று சின்னவள் அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

"அக்கா, சுவர எடுக்கணும்னு சொல்றாங்க. நீங்க வேணாம்னா வேணாம்."

பெரியவள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ நல்லதுக்குக் கேக்கல."

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீ படியக் கூட்டுற சத்தம் தெனமும் காலையில சுவத்துக்கு இந்தப் பக்கம் கேக்கும். எதுக்குக் கூட்டுறேன்னு மொதல்ல புரியல. அப்புறம் ஒருநாள் புரிஞ்சுது."

சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "மாமாகிட்டச் சொல்லலியா?"

"சொல்லியிருந்தா அப்பவே வேற ஒரு ஏணி பண்ணி வெச்சிருப்பாரு."

பெரியவள் புடவையை முழங்கால் வரைக்கும் இழுத்துக் காட்டினாள். இரண்டு முட்டியும் வீங்கி, ஒன்று ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. "இத வெச்சுக்கிட்டு அந்தச் சுருள்ல எறங்க முடியுமா? நாலு எட்டு வெச்சா இந்தச் சுவரு. இத எடுத்துருங்க, கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு நானும் மனுஷியா வெளிய போயிட்டு வர்றேன்னு எத்தன தடவ கேட்டிருப்பேன். கால்ல விழாத கொறதான். விழவும் இந்த முட்டி மடங்காது. 'சொன்னா சொன்னதுதான்'னாரு. எங்க அண்ணன் செத்ததுக்குக்கூட நான் போகல."

சின்னவள் அந்த முட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கொழுப்புன்னு நெனச்சேன்" என்றாள்.

"நெனச்சிருப்பே."

கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். இருவருமே அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"காலண்டர மட்டும் கழட்டிடச் சொல்லு" என்றாள் பெரியவள். "இடிக்கட்டும்."

வெல்டர் பட்டறையிலிருந்து கடப்பாரையும் பெரிய சுத்தியலும் கொண்டுவந்தார். சின்னவள் கீழே கூடத்தில், படிக்கு நேராக நின்றுகொண்டாள். கூடத்து விளக்கை அணைத்துவிட்டாள். மேலே முதல் அடி விழுந்தபோது பிதுங்கிய சிமெண்டு பொலபொலவென்று உதிர்ந்தது. அடுத்த அடிக்கு ஒரு கல் பெயர்ந்து படிகளில் குதித்து உருண்டு அவள் காலுக்குச் சற்று முன்னால் வந்து நின்றது. கல் போன ஓட்டை வழியாக ஒரு கை அகலத்துக்கு வெளிச்சம் உள்ளே வந்தது. புழுதி அதில் சுற்றிச் சுற்றி எழுந்தது. ஓட்டை அகல அகல வெளிச்சமும் அகலமாகிப் படியில் இறங்கி, தரையைத் தொட்டு, பழைய மேஜை இருந்த இடம் வரைக்கும் வந்தது. சின்னவளுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. அவ்வளவு சந்தோஷம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கல்லையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பெரியவரைக் கொண்டுவந்தார்கள். எந்தச் சிரமமும் இல்லை. முன்னால் வண்டிக்காரர், பின்னால் மகன், பக்கத்துக்கு ஒருவராக வெல்டரும் இன்னொருவரும். தெருவில் நின்ற பாதிப் பேர் கீழ் வீட்டு முன்னறைக்குள் வந்து நின்றார்கள். இடிக்கும்போது வராதவர்கள் எல்லாம் பார்ப்பதற்கு வந்துவிட்டார்கள்.

கடைசிப் படியைத் தாண்டியதும் சின்னவள் கையைக் காட்டினாள். "கொஞ்சம் எறக்கி வைங்க. தம்பி வீட்டுக்கு இத்தன வருஷம் கழிச்சு வந்திருக்காரு."

மேஜை இருந்த இடத்தில் இறக்கி வைத்தார்கள். எதிரே சுவரில் அவள் கணவரின் படம். பெரியவர் முகத்தில் வெளிச்சம் நேராக விழுந்தது. சின்னவள் குனிந்தாள். அன்றைக்கு அவர் எவ்வளவு சத்தமாகச் சொன்னாரோ, அவ்வளவு சத்தமாக, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"வாங்க மாமா."

முன்னறையில் ஒரு பெண் விம்மிவிட்டாள். "என்ன இருந்தாலும் இந்த மனசு யாருக்கு வரும்?" என்றார் வெல்டர். மகன் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். சின்னவள் அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள். கண் பெரியவர் முகத்தைவிட்டு நகரவில்லை. உதடுகள் உள்ளே மடிந்து, கன்னம் ஒட்டி, வாய் வெறும் பொந்தாக இருந்தது. பல் இல்லை. இப்போது எதையும் சொல்ல முடியாத வாய்.

"போகலாம்" என்றாள் அவள்.

தூக்கினார்கள். சின்னவள் கூடவே வாசல் வரைக்கும் நடந்தாள். முதலில் அவருடைய கால்கள் வாசற்படியைத் தாண்டின, பிறகு இடுப்பு, பிறகு கட்டியிருந்த கைகள். தலை தாண்டுகிற வரைக்கும் கண்ணை இமைக்காமல் பார்த்தாள். வண்டியின் கதவைச் சாத்தினார்கள். மகன் ஜன்னல் வழியாக, "நாளைக்கே ஆளு வெச்சு அடைச்சுத் தந்துடறேன் சித்தி" என்றான். அவள் காதில் விழாத மாதிரி நின்றாள்.

தெரு காலியானது. உள்ளே திரும்பியபோது படிக்கட்டில் பெரியவள் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினாள். இன்னொரு கையில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. சின்னவள் போய்க் கை கொடுக்கவில்லை. அந்த வீட்டில் ஒருவர் படியில் இறங்கி வருவதைப் பார்த்தபடி நின்றாள்.

பெரியவள் கடைசிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். டம்ளரை நீட்டினாள். தண்ணீருக்குள் பல் செட் கிடந்தது.

"பல்லு எங்கன்னு மகன் தேடினான். தெரியலன்னுட்டேன்."

"ஏங்க்கா?"

"ஒன் வீட்டுக்காரர் செஞ்சது. அத இவரு எதுக்குக் கொண்டு போகணும்?"

சின்னவள் செட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தேய்ந்திருந்தது. முன்பல்லில் ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது. பெரியவருக்குச் சொந்தப் பல் அப்படித்தான் இருந்தது என்று கணவர் வேண்டுமென்றே சாய்த்து வைத்தது. ஓரத்தில் மெல்லிய சாம்பல், நடுவில் டீ குடிக்கிறவரின் மஞ்சள். டம்ளருக்குள் திருப்பிப் போட்டு, மேஜை இருந்த இடத்தில் தரையில் வைத்தாள். பெரியவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"டீ போடட்டுமா?" என்று கேட்டாள்.

"போடேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சற்று நேரத்தில் வெளிச்சம் டம்ளரை விட்டு நகர்ந்துவிட்டது. சின்னவள் குனிந்து, டம்ளரை அது போன பக்கமாகத் தள்ளி வைத்தாள்.